மினுக்குவதா, திருத்துவதா

மகன்,

நீ அனுப்பிய ஒரு பக்கத்தை வாசிக்க இரண்டு நிமிடம் போதும். நான் அதை மூன்று கிழமையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். "அப்பா, சித்தப்பாவைப் பற்றி மலருக்கு எழுதினது. டேட் எல்லாம் சரியோ எண்டு பாத்து, பிழை இருந்தாத் திருத்தித் தாங்கோ" என்று போனில் சொன்னாய். உன் சிநேகிதர்கள் யுத்தத்தில் இறந்தவர்களுக்காகப் போடும் நினைவு மலர் அச்சுக்குப் போகிறது என்று பிறகும் இரண்டு தரம் எடுத்தாய். முதல் தரம் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். இரண்டாம் தரம் ஒரு பழைய ரிவோல்வரில் வேலை இருக்கிறது, அது முடியட்டும் என்றேன். கண்ணாடி பொய், ரிவோல்வர் உண்மை. வேலை இப்போது முடிந்துவிட்டது, இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. செப்டெம்பரில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் தகப்பன்மார் மகனுக்குப் புத்திமதி சொல்வதுண்டு. இதை அப்படியும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் புத்தி சொல்லும் தகுதியோடு நான் எழுதவில்லை.

ரிவோல்வரின் கதையை முதலில் சொல்கிறேன். வோல்டரை உனக்கு நினைவிருக்கும். நாங்கள் கனடா வந்த புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்த முலாம் பூசும் பட்டறையின் ஃபோர்மன். டிசம்பர் நத்தார் விருந்தில் உனக்கு ஒரு மர ரயில் தந்த உயரமான வெள்ளைக்காரர். என் ஆங்கிலம் விளங்காவிட்டாலும் விளங்கியதுபோலத் தலையாட்டி, பிறகு தானே வந்து மிஷினைப் பார்த்து என்ன பிழை என்று கண்டுபிடிக்கிற மனிதர். இப்போது எண்பத்தைந்து வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவருடைய மகள் லிண்டா மே மாதக் கடைசியில் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு ரூஜில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெட்டிக்குள் வோல்டரின் பாட்டனார் காலத்து ரிவோல்வர். நூறு வருடத்துக்கு மேல் பழசு, புராதனப் பொருள், லைசென்ஸ் தேவையில்லை என்று கடிதமும் கூட இருந்தது. உன் அம்மா கடிதத்தை வாசிக்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். "துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். நீங்கள் அதைக் கூப்பிட்டுக் கராஜுக்கை இருத்தி வைச்சிருக்கிறியள்" என்றார். இந்த வீடு வாங்கும்போது அவர் குசினியைப் பார்த்தார், நான் கராஜைப் பார்த்தேன். அந்தப் பிழையை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

லிண்டாவின் ஆசை சின்னதுதான். தகப்பனின் பிறந்தநாளுக்கு யூனியன்வில்லில் தன் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்து சாப்பாடு கொடுக்கப் போகிறாள். மேசையில் ரிவோல்வரைப் புதுசுபோல வைக்கவேண்டும். துரு, கறள் எல்லாம் எடுத்து, நிக்கல் முலாம் பூசித் தரமுடியுமா என்று கேட்டாள். "ஒரு பதினெட்டு, இருபது வருசத்துக்கு முதல் ஒருக்கா இது கண்ணாடி மாதிரி மினுங்கினது. நீங்கள்தானே செய்து குடுத்தது?" என்றாள். நான்தான் என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் பெட்டியை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

அது நான் செய்த மடைவேலை. பட்டறையில் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். வோல்டர் ஒரு வெள்ளிக்கிழமை இந்த ரிவோல்வரைக் கொண்டுவந்து, பிடியின் ஆணி கழன்றுபோயிற்று, இறுக்கித் தா என்றார். அவ்வளவுதான் கேட்டது. எங்கள் ஆட்கள் இரவல் வாங்கிய சட்டியை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பார்களா? பக்கத்து வீட்டுக் குத்துவிளக்கை ஒரு காரியத்துக்கு வாங்கினால் பழப்புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொடுத்தால்தானே மரியாதை. அந்த மனிதர் எனக்கு வேலை தந்தவர், பனிக்காலத்தில் தன் காரில் ஏற்றி இறக்கியவர். ஆணியை மட்டும் இறுக்கிக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்ததும் மினுக்குகிற துணிச் சக்கரத்தில் பிடித்தேன். பழைய நிக்கல் பொருக்குப் பொருக்காக உரிந்து போயிருந்தது. அதையும் எடுத்து, கீழிருந்த கறுப்பையும் எடுத்து, பிடியின் முதுகில் ஓடும் பட்டையில் யாரோ ஆணியால் கீறியிருந்த கிறுக்கலையும் எடுத்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மினுக்கினேன். திங்கட்கிழமை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தேன். வோல்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையில் பெருவிரலை வைத்து ஒருதரம் தடவினார். "சரியான மினுக்கம்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். அடுத்த வருட நத்தார் விருந்தில்தான் அவருடைய மனைவி எனக்கு மெதுவாகச் சொன்னார். அந்தக் கிறுக்கல் வோல்டரின் தமையன் டெட் இளவயதில் கீறிய தன் பெயர். டெட் யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. வீட்டில் அவன் கைபட எழுதியது என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். "அவருக்கு உங்களிலை கோபம் இல்லை, நீங்கள் மனவருத்தப்படக்கூடாது" என்றும் சொன்னார். நான் மனவருத்தப்பட்டேன், ஆனால் வோல்டரிடம் போய் ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, அவர் பென்ஷன் எடுத்த பின்னும்கூட, பதினைந்து வருடத்துக்கு மேல் அவரோடு நிக்கல் தொட்டியின் சூட்டைப் பற்றியே கதைத்தேன். மன்னிப்புக் கேட்க வெட்கம், வெட்கத்தை மறைக்க வேலை. வேலை செய்கிற மனிதனை ஒருவரும் குறை சொல்வதில்லை என்பது எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். நான் பளபளவென்று வெறும் இரும்பாக விட்டது இப்போது பழுப்பேறிக் கிடந்தது. முலாம் இல்லாத இரும்பு அப்படித்தான் போகும். குழாயின் ஒரு பக்கத்தில் கறள் தின்ற சின்னச் சின்னக் குழிகள். உள்ளே, தோட்டாவை அடிக்கிற குதிரையைத் தள்ளுகிற வளைந்த ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. அதனால் குதிரை பல்லு விழுந்த கிழவன் வாய்போல ஆடிக்கொண்டிருந்தது. வேலை இரண்டு விதம். ஒன்று திருத்துவது, மற்றது மினுக்குவது. வெளியாட்கள் இரண்டையும் ஒன்றாக நினைப்பார்கள். ஸ்பிரிங் புதிதாகச் செய்து போடலாம். பிடிக்காவிட்டால் நாளைக்குக் கழற்றி எறியலாம், ரிவோல்வருக்கு ஒரு கெடுதலும் இல்லை. முலாம் அப்படியல்ல. சனங்கள் முலாம் எதையும் மறைக்கும் என்று நினைக்கிறார்கள். அது ஒன்றையும் மறைக்காது. குழி இருந்தால் குழியும் சேர்ந்து மினுங்கும். குழி தெரியக்கூடாது என்றால், முலாம் பூச முதல், ஆழமான குழியின் அடிமட்டத்துக்குச் சுற்றியிருக்கிற நல்ல இரும்பு முழுவதையும் தேய்த்து எடுக்கவேண்டும். ஒரு பழுதை இல்லை என்று காட்டப் பழுதில்லாத அவ்வளவையும் இழக்கவேண்டும். பிறகு பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது பழைய ரிவோல்வர் இல்லை. இருபது வருடம் இந்தத் தொழிலில் நின்றவன் நான். தேய்த்ததை மீண்டும் ஒட்ட ஒரு மிஷினும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் நான் முலாம் பூசத்தான் யோசித்தேன். லிண்டா கேட்டாள், அவள் மகள், அவள் ஆசை. நான் முந்தி அழித்ததை இனி யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பட்டையைத் துடைத்துப் பார்க்க ஜன்னலடியில் சரித்துப் பிடித்தேன். பழுப்பு நிறம் எல்லா இடமும் ஒரேமாதிரி ஏறவில்லை. சில கோடுகளில் கூடுதலாக ஏறியிருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று ஆங்கில எழுத்து. கோணல் மாணலாக, கடைசி எழுத்து பட்டையின் விளிம்பில் இடிக்க, டெட். ஆணியால் அழுத்திக் கீறினால் கோட்டுக்குக் கீழே உள்ள இரும்பும் நசியும். மேலே நான் தேய்த்து எடுத்துவிட்டாலும் நசிந்த இரும்பு உள்ளே இருந்திருக்கிறது. கறள் அந்த நசிந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். இத்தனை வருடமாகக் கறள் மெல்ல மெல்ல அந்தப் பெயரைத் திருப்பி எழுதியிருக்கிறது. இன்னொரு தரம் சக்கரத்தில் பிடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஸ்பிரிங்கை மட்டும் செய்தேன். அரத்தால் அராவி, சிவக்கச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, திரும்ப இளஞ்சூட்டில் நீல நிறம் வருமட்டும் வைத்து எடுத்தேன். மூன்று ஸ்பிரிங் உடைந்தது, நாலாவது நின்றது. உடைந்த பழையதை ஒரு என்வலப்பில் போட்டு வைத்தேன். வெளியில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூனியன்வில்லுக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்ததும் லிண்டாவின் முகம் சுருங்கியது. "நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே?" என்றாள். நான் ரிவோல்வரை வோல்டரின் மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் சரித்து, அவருடைய பெருவிரலைப் பிடித்துப் பட்டையில் வைத்தேன். பிறகு, பதினெட்டு வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். இந்தப் பெயரை அழித்தது நான், எனக்குத் தெரிந்த பிறகும் உங்களிடம் வந்து சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வோல்டருக்குக் கண் மங்கல். ஆனாலும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "நீ அண்டைக்கு அதைக் கொண்டுவந்து நிண்ட நிலையிலை நான் உனக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார். அதற்குப் பிறகு டெட்டைப் பற்றிச் சொன்னார். யுத்தம் முடிந்தது என்று ஊரில் எல்லாரும் தெருவுக்கு வந்து ஆடிய நாளில், தன் தாய் இந்த ரிவோல்வரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுக்கப் போனார் என்று சொன்னார்.

அங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. லிண்டாவுக்கு டெட் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபடி, "எனக்கு ஒரு பெரியப்பா இருந்தவரா? இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள். உன்னைக் கவலைப்படுத்த விருப்பமில்லை என்றார் வோல்டர். "அது உங்கடை விருப்பம். என்னை ஆர் கேட்டது?" என்று தட்டைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அறுபதை நெருங்கும் பெண், பிறந்தநாள் வீட்டில், சின்னப்பிள்ளைபோல அழுதாள். காரில் திரும்பி வரும்போது எனக்கு உன் நினைப்புத்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். "கலியாண வீடு வருகுது. இப்ப ஏன் உதைக் கிண்டுறியள்?" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, கடதாசி எடுத்து மேசையில் வைத்தவரும் அவர்தான்.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா நேசன் என் ஒரே தம்பி. நீ இந்த மே மாதத்தில், ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, குளிரிலும் மழையிலும் ரோட்டில் நின்றபோது அவனுடைய படத்தைத்தான் தூக்கிக்கொண்டு நின்றாய். எல்லாம் முடிந்தது என்ற செய்தி வந்த அன்று நீ எங்கள் சோபாவில் குப்புறப் படுத்துக் கிடந்தாய், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அந்த அழுகையில் ஒரு துளியும் பொய்யில்லை. அரசாங்கத்து ஆமி எங்கள் சனத்துக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல, நான் இப்போது எழுதப்போவதால் அது ஒரு மயிரளவும் குறையாது. ஆனால் நீ எழுதியதுபோல நேசனை ஆமி சுடவில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நேசன் ஒரு இயக்கத்தில் சேர்ந்தான். அப்போது ஊரில் ஆமிக்கு எதிராக ஆயுதம் தூக்கிய பல இயக்கங்கள் இருந்தன. எது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எல்லாரும் எங்கடை பெடியள். சைக்கிளில் போனாலும் பெடியள், சோற்றுப் பார்சல் கேட்டாலும் பெடியள், காவலுக்குச் சென்றியில் நின்றாலும் பெடியள். உனக்கு மூன்று வயதில் ஒரு இயக்கம் மற்ற இயக்கத்துப் பெடியளைத் தேடித் திரிகிறது என்று கேள்விப்பட்டோம். அது வேறு ஊரில் நடக்கும் காரியம் என்று நினைத்தேன். நேசன் பெரியம்மா வீட்டில் போய் நின்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. காலை பத்து மணி இருக்கும், முற்றத்தில் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவனுக்கு நல்ல சிரித்த முகம்.

"அண்ணை, நேசன் நிக்கிறானோ?"

"இல்லைத் தம்பி, பெரியம்மா வீட்டை நிக்கிறான்."

"எந்தப் பக்கம் அண்ணை?"

"உந்த ஒழுங்கையாலை போய், கிணத்தடி தாண்ட ஒரு நீலக் கேற் வரும். அதுதான்."

எங்கள் பேச்சு, எங்கள் மரியாதை, அண்ணை என்ற சொல். சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவர்களுக்கு விளங்கவேண்டும் என்று வாசல் படலை வரைக்கும் போய், ஈரக் கையை நீட்டி அந்தச் சின்ன ஒழுங்கை வழியைக் காட்டினேன். தண்ணீர் கேட்டார்கள், செம்பில் கொடுத்தேன். "வாறம் அண்ணை" என்று போனார்கள். உள்ளே இருந்து அம்மா, ஆர் வந்தது என்று கேட்டார். "பெடியள்" என்றேன். உன் தலையைத் துவட்டி முடிய முதல் வெடிச் சத்தம் கேட்டது.

நீ ஏழு வயதில் படத்தைக் காட்டி, சித்தப்பா எப்படிச் செத்தவர் என்று கேட்டாய். ஆமி சுட்டது என்றேன். ஒரு பிள்ளைக்குச் சொல்ல அது லேசான சொல். ஆமி என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை, வழி காட்டியது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு நீ வளர வளரக் கேட்டாய், நான் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மினுக்கினேன். நீ பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு எழுதியபோது ஒரு ஜீப்பையும் சேர்த்தேன். அந்த ஜீப் உன் பக்கத்தில் நாலாவது வரியில் நிற்கிறது. என் தம்பி பெரியம்மா வீட்டு வாசலில், எங்கள் பாஷை பேசுகிற இரண்டு பேரின் முன்னால் நின்றான். கடைசியாக அவன் என்ன நினைத்திருப்பான், நான்தான் அனுப்பினேன் என்று அவர்கள் அவனுக்குச் சொல்லியிருப்பார்களோ என்று இருபத்துமூன்று வருடமாக யோசிக்கிறேன். அந்த இடத்தில் நான் ஒரு ஜீப்பை நிறுத்திவிட்டேன். என் பழுதை மறைக்க அவனுடைய சாவையே தேய்த்து எடுத்துவிட்டேன்.

நீ கேட்டபடி பக்கத்தைத் திருத்தியிருக்கிறேன். ஆமி என்ற சொல்லையும் ஜீப் வரும் வசனத்தையும் வெட்டி, மேலே என் கையெழுத்தில் நடந்ததை எழுதியிருக்கிறேன். என் பெயரையும் போட்டிருக்கிறேன். மலருக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். உன் சிநேகிதர்கள் கோபிக்கலாம், இப்போது ஏன் இதை என்று கேட்கலாம், இந்த நேரத்தில் கேட்பதும் ஞாயம்தான். கொடுக்காவிட்டால் நான் உன்னைக் கோழை என்று சொல்லமாட்டேன், இவ்வளவு காலம் வாய் திறக்காதவன் அதைச் சொல்லவும் முடியாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். பழைய வசனத்தை அச்சில் போடாதே.

இதை வாசித்துவிட்டு நீ கொஞ்ச நாள் போன் எடுக்காமல் இருந்தால் எனக்கு விளங்கும். அம்மாவோடு மட்டும் கதைத்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் செப்டெம்பருக்கு முதல் எனக்குப் பதில் வேண்டும். மணவறையில் உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நான் அறுகம்புல்லும் அரிசியுமாக அறுகரிசி போட்டு, தலையில் கை வைத்து வாழ்த்தவேண்டும். அந்தப் பெடியளுக்கு ஒழுங்கையைக் காட்டியதும் இந்தக் கைதான். இதை உன் தலையில் வைக்க விடுவாயோ என்று நீயே சொல்லு.

அப்பா